பெங்களூரிலிருந்து ஒரே நாளில் ஒயின் ருசிக்கப் போய்வருவது: காரைக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எப்படித் திட்டமிடலாம்?

கானாடுகாத்தான் அடுப்படி கேட்டது:

வணக்கம். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றில் நடக்கும் விருந்தினர் விடுதியில் சமையலறை என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "இந்த நண்டு மசாலாவுக்கு எந்த ஒயின் சேரும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. நம்மூரில் ஒயின் ஷாப் என்ற பெயரில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்ற காலத்திலிருந்தே இந்தச் சங்கதி நமக்குத் தூரம்தான்.

ஜனவரி கடைசியில் கொழுந்தனார் வீட்டு விசேஷத்துக்குப் பெங்களூர் போகிறோம். 26ஆம் தேதி விடுமுறை, அன்று சும்மாதான் இருப்போம். நான், வீட்டுக்காரர், கொழுந்தனார், ஓரகத்தி நாலு பேர் ருசிக்க. மாமியார் தோட்டம் பார்க்க மட்டும். நந்தி மலைப் பக்கம் ஒன்று, மைசூர் சாலையில் ஒன்று என்று இரண்டு ஒயின் ஆலைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? வண்டிக்கு என்ன செய்வது? ருசிக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது? நாலு பாட்டில் வாங்கி வரலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலகங்கா வழி எழுதியது:

முதலில் தேதியை மாற்றுங்கள் அக்கா. ஜனவரி 26 மது விற்காத நாள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரண்டும் அப்படித்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் வாக்கு எண்ணும் நாளும் சேர்ந்துகொள்ளும். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாலும் கிளாஸில் ஒரு சொட்டு ஊற்றமாட்டார்கள். விடுமுறை நாள் என்று தேடிப் பிடித்துப் போய் வெறும் கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவது. சனி, ஞாயிறும் வேண்டாம். கூட்டத்தில் ஊற்றிக் கொடுப்பவருக்கு விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது. உங்கள் நோக்கமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே. வார நாளாகப் பார்த்து, அன்று சுற்றிக் காட்டுவது உண்டா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள்.

அடுத்தது திசை. வடக்கே தொட்டபள்ளாப்பூர் வட்டத்தில் ரகுநாதஹள்ளியில் குரோவர் ஜம்பா. நகரின் நடுவிலிருந்து 40, 45 கிமீ. 1988இல் தொடங்கிய நிறுவனம். பிரெஞ்சு வல்லுநர் மிஷெல் ரோலான் 1990களிலிருந்து ஆலோசனை சொன்ன இடம். தென்மேற்கே மைசூர் சாலையில் சென்னப்பட்டணா பக்கம் டொமைன் சூலா. நாசிக்கில் உள்ள சூலா ஒயின் நிறுவனத்தின் கர்நாடகக் கிளை அது. நகரிலிருந்து 60 கிமீக்குச் சற்று மேல். வரைபடத்தில் இரண்டும் பெங்களூருக்குப் பக்கம்தான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நகரத்தின் குறுக்கே ஊடுருவ வேண்டும். ஹெப்பாள் மேம்பாலத்தில் ஒரு முறை நின்று பார்த்தவர்கள் இந்தத் திட்டத்தைப் போடவே மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆலை. தூரத்துக்காக மட்டும் சொல்லவில்லை; ஏழெட்டு ஒயினுக்குப் பிறகு புதிதாகப் பழகுகிற நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது.

உங்கள் குடும்பத்துக்கு வடக்குத் திசைதான் சரி. நந்தி மலை அடிவாரத்தில் நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர் காலத்தில் தொடங்கி, பின்னால் சோழர், விஜயநகர அரசர்கள் கையும் பட்ட கோயில். மாமியாருக்கு அந்தக் கல் வேலையே போதும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: கோயில் முதலில், ஒயின் பிறகு. காலை 7 மணிக்கு முன் கிளம்பினால் எட்டரைக்குள் கோயில். 10 மணிக்குள் இட்லி மாதிரி லேசான பலகாரம். 11 மணிக்கு ஆலை. ஒன்றரைக்குச் சாப்பாடு. 3 மணிக்குக் கிளம்பினால் மாலை நெரிசலுக்கு முன் ஹெப்பாளைத் தாண்டிவிடலாம். நந்தி மலை உச்சியை (1,478 மீட்டர்) அதே நாளில் சேர்க்காதீர்கள். விடியலில் போனால்தான் அதற்கு அழகு, அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம் சொக்கும்.

வண்டி. போகும்போது செயலியில் டாக்சி கிடைக்கும். திரும்பும்போது அந்தத் தோட்டத்து வாசலில் கிடைக்காது. ஐந்து பேரோடு நடுரோட்டில் நிற்க நேரும். நாள் வாடகைக்குப் பேசுங்கள். பெங்களூரில் உள்ளூர் வாடகை என்றால் வழக்கமாக 8 மணி நேரம், 80 கிமீ. நீங்கள் போய்வருவது கோயிலோடு சேர்த்து 120 கிமீ தாண்டும், நேரமும் மீறும். கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, கூடுதல் மணிக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் இதையே வெளியூர்ப் பயணமாகக் கணக்கிட்டு, ஒரு நாளுக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிமீக்குப் பணம் கேட்பார்கள். இரண்டு கணக்கும் போட்டுப் பார்த்து எது மலிவோ அதை எடுங்கள்.

கொழுந்தனார் சொந்த வண்டி எடுக்கிறார் என்றால் அவர் ருசிக்கக் கூடாது. "கொஞ்சம்தானே" என்பது கணக்கு இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 30 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் குடித்தால் 150 மில்லி. 13 சதவீத ஒயினில் அது 15 கிராம் சாராயம் (ஆல்கஹால்). உடம்பு சிறியவராக இருந்தால் வரம்பை எட்ட அதுவே போதும்.

காரே வேண்டாம் என்கிறவர்களுக்கு மட்டும் சென்னப்பட்டணா. மைசூர் போகும் ரயில்கள் பல அங்கே நிற்கும், இறங்கி ஆட்டோ. கார் என்றால், 2023இல் திறந்த விரைவுச்சாலை ராமநகரா, சென்னப்பட்டணா இரண்டு ஊரையும் ஒதுக்கிக்கொண்டு போகிறது. வெளியேறும் வழியை விட்டால் வெகுதூரம் போய்த்தான் திரும்ப முடியும். ராமநகராவுக்கு முன்பே பழைய சாலைக்கு இறங்கிவிடுவது நல்லது.

காரைக்குடியிலிருந்து காரில் வந்தால் 400 கிமீக்கு மேல். ரயில் என்றால் திருச்சிக்குப் போய், கரூர், ஈரோடு, சேலம் வழியாக மைசூர் போகும் இரவு ரயிலைப் பிடித்தால் அதிகாலை பெங்களூர். ஆனால் இறங்கிய அன்றே ஒயின் ஆலைக்குப் போகாதீர்கள். இரவெல்லாம் ரயிலில் வந்த மூக்கும் நாக்கும் பாதிதான் வேலை செய்யும்.

அஞ்சறைப் பெட்டி எழுதியது:

வழி சொல்லியாகிவிட்டது. நான் வாயையும் மூக்கையும் பற்றிச் சொல்கிறேன்.

ருசிப்பது என்கிறோமே தவிர, முக்கால்வாசி வேலை மூக்குக்கு. செட்டிநாட்டு அடுப்படியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டது. கல்பாசியையும் மராட்டி மொக்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்கிற மூக்கு அது. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் வருகிறது என்பார்கள். அது உவமை இல்லை. மிளகுக்கு மிளகு வாசம் தரும் ரோட்டன்டோன் என்ற பொருள்தான் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். ஒரு வேடிக்கை: ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரியவே தெரியாது. "மிளகா? எனக்கு ஒன்றும் வரலையே" என்று ஓரகத்தி சொன்னால் சண்டை போடாதீர்கள், அவர் மூக்கு அப்படி. ஓக் பீப்பாயில் வைத்த ஒயினில் கிராம்பு வாசம் வருவதும் இதே கதைதான். கிராம்பில் உள்ள யூஜெனால் ஓக் மரத்திலும் உண்டு. வெனிலா வாசமும் மரத்திலிருந்து வருவதே.

துவர்ப்பு விஷயத்திலும் நமக்கு ஆதாயம். சிவப்பு ஒயினில் டானின் என்று சொல்வது நம் ஆறு சுவையில் இருக்கிற துவர்ப்பு, அவ்வளவுதான். வாழைப்பூ, மாம்பிஞ்சு, கொட்டைப்பாக்கு கடித்தால் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்குமே, அது. அதைக் கசப்பு என்று எழுதிவிடாதீர்கள். கசப்பு அடிநாக்கில் தங்கும். துவர்ப்பு வாய் முழுக்க வறட்டும்.

வீட்டிலேயே இரண்டு நாள் பழகலாம், மது வேண்டியதில்லை. பால் இல்லாத தேயிலைத் தண்ணீரை மூன்று டம்ளரில் 2 நிமிஷம், 5 நிமிஷம், 10 நிமிஷம் ஊறவிட்டு ஆறியதும் வரிசையாகக் குடியுங்கள். துவர்ப்பு ஏறுவது தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் எலுமிச்சை நாலு சொட்டு, இன்னொன்றில் எட்டு. புளிப்பு ஏறும்போது வாயோரம் எச்சில் ஊறும் இடத்தைக் கவனியுங்கள். ஒயினில் புளிப்பை அளப்பது அந்த ஊறலை வைத்துத்தான். பிறகு மூடி போட்ட சின்னக் கிண்ணங்களில் மிளகு நாலு நசுக்கி, கிராம்பு ஒன்று, அன்னாசிப்பூ பாதி, பட்டை ஒரு துண்டு, நெல்லிக்காய்க் கீற்று, கொய்யா, உலர்ந்த திராட்சை என்று தனித்தனியாகப் போட்டு, ஒருவர் நீட்ட மற்றவர் கண்ணை மூடிச் சொல்லட்டும். அடுப்படியில் கை போகிற இடத்தை வைத்தே பொருளை எடுத்துப் பழகியவர்கள், பெயர் தெரியாமல் வெறும் வாசத்தைப் பிடிக்கும்போது தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் போவதற்குத்தான் இந்தப் பயிற்சி.

போகிற அன்று கெடுக்கிற விஷயங்கள்: ஜவ்வாது, அத்தர், செண்ட் எதுவும் வேண்டாம், கூந்தலில் மல்லிகையும் வேண்டாம். பல் தேய்த்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். பற்பசையின் நுரைப்பொருள் இனிப்பை மழுக்கிக் கசப்பைத் தூக்கிக் காட்டும். பலகாரத்துக்குப் பிறகு டிகிரி காபி குடித்தால் அரை மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். வெற்றிலை பாக்கு அன்று மாலை வரை கிடையாது. பாக்கின் துவர்ப்பும் சுண்ணாம்பும் வாயில் இருக்க, ஒயினின் துவர்ப்பு எங்கே தெரியும்? காலையில் மிளகாய்ச் சட்னியையும் தவிருங்கள். ஆனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் முக்கியமாக. வெறும் வயிற்றில் மது போனால் சர்க்கரை சடாரென இறங்கலாம். மாத்திரை உண்டென்றால் மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அங்கே நடப்பது: வழக்கமாக ஐந்தாறு ஒயின், ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லி. வரிசை: நுரைக்கிறது, வெள்ளை, ரோஸ் (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. துவர்ப்பான சிவப்பைக் குடித்துவிட்டு வெள்ளைக்கு வந்தால் வெள்ளை தண்ணீர் போல இருக்கும்.

கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு ஏறக் கூடாது. வெள்ளைக் காகிதத்துக்கு மேல் சாய்த்து ஓரத்து நிறத்தைப் பாருங்கள்: இளசு என்றால் நாவல்பழ ஊதா, வயது ஏற ஏறச் செங்கல் நிறம். கிளாஸ் சுவரில் வழியும் கோடுகளைக் காட்டி "தரமான ஒயின்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள். அது சாராய அளவின் வேலை, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், சுழற்றி ஒரு முறை. பிறகு ஒரு வாய், 10 மில்லி போதும், நாக்கு முழுக்கப் படும்படி ஐந்து விநாடி புரட்டி, துப்பிவிடுங்கள்.

ஆமாம், துப்புங்கள். அதற்கென்று கலம் வைத்திருப்பார்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பித்தளைப் படிக்கம் கிடக்குமே, அதே உறவுதான். துப்புவது அவமரியாதை என்று நினைத்து எல்லாவற்றையும் விழுங்குகிறவர்களுக்கு நாலாவது கிளாஸில் எல்லாமே "நல்லா இருக்கு" ஆகிவிடும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அதனால் வண்டி ஓட்டுகிறவருக்கு இது விலக்கு ஆகாது.

ஒவ்வொன்றுக்கும் நாலு சொல் எழுதுங்கள்: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, வாசம். அப்புறம் உங்கள் அடுப்படியிலிருந்து ஒரு பதார்த்தத்தின் பெயர். அந்தக் கடைசிச் சொல்தான் விருந்தினரிடம் பயன்படப்போவது.

முதல் கிளாஸில் முகம் சுளிப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் ஒயின் என்று நினைப்பது பெங்களூர் புளூ திராட்சையில் செய்யும் இனிப்புப் போர்ட். டிரை என்று எழுதியிருந்தால் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் அளவிலோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். புளிக்கிறதே, கெட்டுவிட்டதோ என்று எண்ண வேண்டாம். உண்மையிலேயே கெட்டதற்கு வேறு அடையாளம்: நனைந்த சாக்கு, ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெட்டது, காடி வாசம் வந்தால் ஒயின் காடியாகிவிட்டது, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம் வந்தால் காற்றுப் பட்டது. முந்தின நாள் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றினால் கடைசியாகச் சொன்னது நடக்கும். "இது எப்போது திறந்தது?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பந்தலடி எழுதியது:

தோட்டம் பார்க்க வருகிற அம்மாவுக்காக இது. கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை பார்த்தவர்கள் பந்தலை எதிர்பார்த்துப் போவார்கள். ஒயின் தோட்டத்தில் பெரும்பாலும் பந்தல் கிடையாது; கம்பியில் ஏற்றிய வரிசை, வேலி மாதிரி நிற்கும். பந்தலில் காய்ப்பு அதிகம். ஒயினுக்குக் காய்ப்பு குறைந்து, பழம் சிறுத்து, தோல் தடித்தால்தான் நல்லது. சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருகின்றன. பெரும்பாலான கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் சாறு வெளுப்பாகத்தான் இருக்கும்.

நீங்கள் போகிற மாதம் நல்ல மாதம். தென்னிந்தியாவில் கொடி தூங்குகிற அளவுக்குக் குளிர் இல்லை, அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து, அதாவது கிளை வெட்டுவது. ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கட்டை தயாராவதற்கு. செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது காய்ப்பதற்கு. ஒயின் திராட்சைக்கு அறுவடை ஒன்றுதான். நந்திப் பக்கம் பிப்ரவரியிலிருந்து சூடு பிடிக்கும். ஜனவரி கடைசியில் குலை நிறம் மாறி நிற்பதைப் பார்க்கலாம். ஜூலையில் போகிறவர்கள் வெறும் இலையைப் பார்த்துவிட்டு "திராட்சையே இல்லையே" என்று வருத்தப்படுவது இதனால்தான்.

கேட்காமல் பறித்து வாயில் போடாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள். இலையில் நீலப்பச்சைப் பூச்சு தெரிந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. நம் வெற்றிலைக் கொடிக்காலிலும் அடிக்கிறதே, அதே கலவைதான். பெயரே பிரான்சின் ஒயின் ஊரான போர்டோவிலிருந்து வந்தது. 1880களில் அங்கே திராட்சைக் கொடி நோய்க்காகக் கண்டுபிடித்தது.

உள்ளே தொட்டிகளைக் காட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தத் தொட்டி எத்தனை டிகிரியில் ஓடுகிறது? வெள்ளையைப் பெரும்பாலும் 12 முதல் 18 டிகிரிக்குள் குளிர வைத்து நொதிக்க விடுவார்கள், பழ வாசம் பறந்துபோகாமல் இருக்க. சிவப்பு 25, 30 டிகிரி வரை போகும், தோலிலிருந்து நிறம் இறங்க. பீப்பாய் அறையில் 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் இருக்கும். எத்தனையாவது தடவையாக நிரப்பியது என்று கேளுங்கள். புதிய பீப்பாயில்தான் அந்தக் கிராம்பு, வெனிலா வாசம் தூக்கலாக இறங்கும்.

பெங்களூர்ப் பயணம் தள்ளிப்போனால், திராட்சைக் கொடியை மட்டும் பார்க்கக் கம்பம் போதும். காரைக்குடியிலிருந்து மதுரை, தேனி வழியாக 200 கிமீ சுமார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடக்கும்.

கானாடுகாத்தான் அடுப்படி:

ரொம்ப நன்றி. 26ஐ விட்டுவிட்டோம், 28 என்று வைத்திருக்கிறோம். பாட்டில் வாங்கி வருவது பற்றி யாரும் சொல்லவில்லையே? விடுதியில் சாப்பாட்டோடு அரை கிளாஸ் வைத்துக் காட்டலாம் என்று ஓர் எண்ணம்.

ஜூஜூவாடி தாண்டி எழுதியது:

இரண்டும் வேண்டாம்.

வெளி மாநில மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒயின்தானே, பில் இருக்கிறதே என்பதெல்லாம் ஓசூர் எல்லையில் எடுபடாது. பில் என்பது கர்நாடகத்தில் வாங்கினீர்கள் என்பதற்கு நீங்களே கொடுக்கும் சாட்சி. ரயிலில் வந்தாலும் சட்டம் அதேதான். விமானத்தில் 24 சதவீதத்துக்குக் கீழே உள்ள மதுவைப் பெட்டியில் வைத்து அனுப்ப விமான விதி தடுக்காது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். அது விமானத்துக்கான விதி. திருச்சியிலோ மதுரையிலோ இறங்கியதும் மாநிலச் சட்டம் தொடங்கிவிடும்.

விடுதியில் ஊற்றிக் கொடுப்பதற்கு எஃப்.எல்.3 உரிமம் வேண்டும். நட்சத்திர ஓட்டல்களுக்குக் கொடுப்பது. அது இல்லாமல் "இலவசமாகத்தான் கொடுத்தேன்" என்றாலும் சிக்கல்தான், சாப்பாட்டுக்குப் பணம் வாங்குகிறீர்களே. வாயால் சொல்லுங்கள், ஊற்றாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வேண்டுமென்றால் டாஸ்மாக் எலைட் கடையில் ஒயின் கிடைக்கும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பெங்களூரில் கொழுந்தனார் வீட்டில் திறக்க வாங்குவதில் பிரச்சினை இல்லை. அடையாள அட்டை கொண்டுபோங்கள், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்கிய பாட்டிலைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடிய கார் வெயிலில் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். ஒயின் வெந்து, தக்கை மேலே தள்ளி, ஓரத்தில் கசிந்திருக்கும். கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள்.

அஞ்சறைப் பெட்டி:

விருந்தினர் கேள்விக்கு வருவோம், அதற்காகத்தானே இவ்வளவும். எல்லாப் பதார்த்தத்துக்கும் சொல்ல முடியாது. உங்கள் இலையில் அடிக்கடி வருவதற்குச் சொல்கிறேன்.

மிளகாய்க் காரமும் சாராயமும் ஒன்றையொன்று தூக்கிவிடும், ஏனென்றால் நாக்கில் எரிச்சலை உணர்கிற அதே இடத்தைத்தான் இரண்டும் தட்டுகின்றன. அதனால் காரம் கூடினால் சாராயம் குறைய வேண்டும், துவர்ப்பும் குறைய வேண்டும், லேசான இனிப்பு இருந்தால் நல்லது. நண்டு மசாலாவுக்குப் பெரிய சிவப்பு ஒயின் கொண்டுவந்தால் நண்டின் இனிப்பும் போகும், வாயும் எரியும். செனின் பிளாங்க் திராட்சையில், கொஞ்சம் இனிப்பு விட்டுச் செய்த வெள்ளை சேரும். சூலாவின் செனின் பிளாங்க் அந்த வகை. நன்றாகக் குளிர்ந்து, 8 முதல் 10 டிகிரியில் இருக்க வேண்டும்.

மிளகுக் கோழி, மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி வறுவல் இவற்றுக்கு ஷிராஸ் கலந்த சிவப்பு. மிளகுக்கு மிளகு. குரோவரின் லா ரிசர்வ் என்ற சிவப்பு, கேபர்னே சாவிஞான், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சையும் கலந்தது. அதை அங்கேயே ருசித்து, மிளகு தெரிகிறதா பாருங்கள். ஆட்டுக்கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிவிடும். ஆனால் உப்புக்கறியில் வரமிளகாய் ராஜா. அங்கே ஷிராஸ் வேண்டாம், ரோஸுக்குப் போங்கள்.

கருவாட்டுக் குழம்பு, மீன் குழம்பு என்றால் சிவப்பை வைக்கவே வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து நாற்றத்தையும் உலோக ருசியையும் கிளப்பிவிடும். புளி ஏறிய குழம்புக்கு ஒயினும் புளிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்று ஆகும். சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை தாங்கும். வெள்ளைப் பணியாரம், கோலா உருண்டை மாதிரி எண்ணெயில் பொரித்ததற்கு நுரைக்கும் ஒயின். நுரையும் புளிப்பும் எண்ணெயைக் கழுவிவிடும்.

கவுனி அரிசிக்கு ஒயின் அதைவிட இனிப்பாக இருந்தால்தான் எடுபடும். கொடியிலேயே முற்ற விட்டுத் தாமதமாகப் பறித்த திராட்சையின் இனிப்பு ஒயின், சின்ன கிளாஸில். டிரை ஒயினைக் கவுனியோடு வைத்தால் எலுமிச்சைத் தோலைக் கடித்த மாதிரி இருக்கும்.

விருந்தினர் தாங்களே பாட்டில் கொண்டுவந்திருந்தால் சூட்டைப் பற்றிச் சொல்லுங்கள். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கல் வீட்டின் கணக்கு, 16, 18 டிகிரி. நம்மூர் வளவில் ஏப்ரலில் 34. ஆத்தங்குடிக் கல் தரை காலுக்குக் குளிர்ச்சிதான், பாட்டிலுக்குப் போதாது. சிவப்பையும் முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். திறந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும்.

கானாடுகாத்தான் அடுப்படி:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: மாமியார் பூ இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். மல்லிகை வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே?

எலகங்கா வழி:

அவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், கோயிலுக்கும் போகிறார்கள். ருசிக்கும் மேசையில் மட்டும் உங்கள் நாலு பேருக்கும் தள்ளி, ஜன்னல் ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். தோட்டத்து மண் பாதை சரளையாக இருக்கும், வார் வைத்த செருப்பாகப் போடச் சொல்லுங்கள், குடையும் ஒன்று. முன்பதிவு செய்யும்போது "ஒருவர் சுற்றிப் பார்க்க மட்டும்" என்று சொல்லுங்கள், அவர்களுக்கு ருசிக் கட்டணம் இல்லாமல் போட்டுத் தருவார்களா என்று கேட்டுவிடலாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். இல்லையென்றால் கட்டுச்சோற்றைக் கோயிலடியிலேயே முடித்துவிடலாம்.